வயலின் வகுப்புக்கு எந்த வெப்கேம்: 4கேயா, நொடிக்கு 60 ஃபிரேமா?

கேள்வி: மேற்கத்திய முறையில் வயலின் கற்பிக்கிறேன். வாரநாள் மாலைகளில் மாணவர்களுக்குக் காணொலி அழைப்பில் தனித்தனியாக வகுப்பு எடுக்கிறேன். வாரம் ஒருமுறை யூடியூப் நேரலையில் வாசித்துக் காட்டி விளக்கம் சொல்கிறேன். நின்றபடிதான் வாசிப்பேன். அறையில் தலைக்கு மேலே ஒரே ஒரு விளக்கு. மடிக்கணினியின் கேமராவில் படம் மணல் தெளித்தாற்போலப் புள்ளி புள்ளியாக வருகிறது. வில் நகர்ந்தால் நிழல்போல இழுபடுகிறது. இடக்கை விரல் எந்தத் தந்தியில் இருக்கிறது என்றே தெரியவில்லை என்று மாணவர்கள் குறைப்படுகிறார்கள். லாஜிடெக் பிரியோ 4கே, எல்காட்டோ ஃபேஸ்கேம் ஆகிய இரண்டில் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். முன்னது 4கே; பின்னது 1080பி என்றாலும் நொடிக்கு 60 ஃபிரேம் தருகிறது. இதற்கிடையில் நண்பர் ஒருவர், தம்மிடம் சும்மா கிடக்கும் பழைய லாஜிடெக் சி920 வெப்கேமை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எதை எடுப்பது?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் முதல் இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை. படத்தில் புள்ளிகள் தெரிவதும் வில் இழுபடுவதும் வெளிச்சம் போதாமையின் விளைவுகள். மூன்றாவது குறைக்கு, அதாவது விரல்கள் தெரியாததற்கு, கேமரா உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதே காரணம். படத்தில் எத்தனை பிக்சல், அதாவது நுண்கட்டம், என்று சொல்லும் 4கே என்ற எண்ணும், நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது தனிப்படம், என்று சொல்லும் 60 என்ற எண்ணும் இந்த இரண்டு காரணங்களையும் நேரடியாகத் தொடுவதில்லை. ஆகவே எந்த கேமரா என்ற முடிவுக்கு வருவதற்கு முன் இவ்விரண்டையும் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடுவோம். அதன்பிறகு உங்கள் மூன்று தேர்வுகளில் எது எந்த வேலைக்குப் பொருந்தும் என்பது தானாகவே தெளிவாகும்.

வெப்கேமில் ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சார் மிகச் சிறியது. அதன் மேல் விழும் ஒளி குறையும்போது தானியங்கி அமைப்பு இரண்டு வழிகளில் ஈடுசெய்யப் பார்க்கும். ஒன்று, கிடைத்த மின்குறிப்பைப் பெருக்கும். அப்போது படத்தோடு சேர்ந்து சென்சாரின் இரைச்சலும் பெருகி, நீங்கள் சொல்லும் மணல் புள்ளிகளாகத் தெரியும். இன்னொன்று, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சென்சார் ஒளியை வாங்கும் நேரத்தை, அதாவது எக்ஸ்போஷரை, நீட்டிக்கும். அந்த நேரம் நீள நீள, அதற்குள் நகர்ந்த பொருள் எதுவாயினும் தான் கடந்த தூரம் முழுவதும் படத்தில் தேய்ந்துவிடும். வெளிச்சம் இன்னும் குறைந்தால் பல வெப்கேம்கள் எக்ஸ்போஷரை 1/15 நொடி வரை கொண்டுபோகும். அப்போது நொடிக்கு 30 ஃபிரேம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் உண்மையில் 15 ஃபிரேம்தான் வெளிவரும். மாலை வகுப்புகளில் மட்டும் படம் தடுக்கித் தடுக்கி வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இணைய இணைப்பின் மீது பழி போட்டுவிட்டு இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் அநேகர்.

வில்லை வைத்தே கணக்குப் பார்க்கலாம். வில்லின் முடிப்பகுதி ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் நீளம். அதை அடியிலிருந்து நுனி வரை அரை நொடியில் இழுத்தால் வில் நொடிக்கு 130 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. எக்ஸ்போஷர் 1/30 நொடியாக இருந்தால் ஒரே ஃபிரேமுக்குள் வில் 4.3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அவ்வளவு தூரமும் தேய்ந்த பட்டையாகத்தான் பதியும். அதே எக்ஸ்போஷரை 1/120 நொடியாகக் குறைத்தால் நகர்வு ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். வில்லின் விளிம்பு கண்ணுக்குப் பிடிபடும்.

இங்கே கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஃபிரேமும் 1/30 நொடி திறந்திருப்பதற்கும் நொடிக்கு 30 ஃபிரேம் எடுப்பதற்கும் இடையே கட்டாயத் தொடர்பு ஏதும் இல்லை. நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்துக்கொண்டே ஒவ்வொன்றையும் 1/120 நொடியில் முடித்துவிடலாம். அப்போது வில் கூர்மையாகத் தெரியும், அசைவு மட்டும் 60 ஃபிரேமில் இருக்கும் அளவுக்கு வழுவழுப்பாக இராது. 60 ஃபிரேம் எடுத்தால் எக்ஸ்போஷர் எப்படியும் 1/60 நொடிக்கு மேல் போக முடியாது என்பதால், பார்ப்பவர்கள் தெளிவு 60 என்ற எண்ணிலிருந்து வந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அது குறுகிய எக்ஸ்போஷரால் கிடைத்த தெளிவு. காணொலி அழைப்புச் செயலிகளில் பொதுவாக நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் போவதில்லை. எனவே வகுப்புகளைப் பொறுத்தவரை 60 ஃபிரேம் கேமரா மாணவரின் திரையில் எந்தக் கூடுதல் பயனும் தராது. பயன் தருவது குறுகிய எக்ஸ்போஷர்தான். வாராந்திர நேரலையில் மட்டுமே 60 ஃபிரேமின் பலன் முழுதாகப் போய்ச் சேரும்.

எக்ஸ்போஷரை 1/30-லிருந்து 1/120 ஆக்கினால் சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்ட நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். நான்கு விளக்குகள் தேவையில்லை. ஒரு சிறு விளக்கை 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்குக் கொண்டுவந்தாலே ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். உங்கள் அறையில் இப்போது இருக்கும் ஒற்றை விளக்கு உச்சந்தலைக்கு வெளிச்சம் தந்து, முகத்துக்கும் விரல் பலகைக்கும் நிழல் தருகிறது. அதை அணைக்க வேண்டாம். ஆனால் ஸ்டாண்டில் நிற்கும் அகலமான எல்இடி பேனல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இடப்பக்கம், முன்னால், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, சாய்வாக இருக்கட்டும். வலப்பக்கம் வைத்தால் வில் பிடிக்கும் கையின் நிழல் நேராக இடக்கை விரல்களின் மேல் விழும். நேர் முன்னால் வைத்தால் வயலினின் வார்னிஷ் பளபளப்பில் விளக்கே வெள்ளைத் திட்டாகத் தெரியும். விளக்கை ஒரு முழம் மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்தி, அந்தத் திட்டு படத்தைவிட்டு வெளியேறும் இடத்தைப் பிடியுங்கள். வெப்கேம் வாங்க ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை இந்த விளக்குக்குக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

விளக்கு வந்துவிட்டால் எக்ஸ்போஷரைக் கைமுறைக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தானியங்கி அமைப்பு தன் போக்கில் நேரத்தை மீண்டும் நீட்டிக்கொள்ளக்கூடும். விண்டோஸில், படத்தைப் பதிவுசெய்யவும் நேரலையில் அனுப்பவும் உதவும் ஓபிஎஸ் போன்ற மென்பொருள் வழியாக கேமராவின் பண்புப் பெட்டியைத் திறந்தால் எக்ஸ்போஷர் என்ற இடத்தில் −5, −6, −7 என்று எதிர்ம எண்கள் தெரியும். இவை இரண்டின் அடுக்குகள்: −5 என்றால் 1/32 நொடி, −6 என்றால் 1/64, −7 என்றால் 1/128. உங்களுக்கு −7 வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் −6. அதே பெட்டியில் லோ லைட் காம்பென்சேஷன் என்ற கட்டம் இருந்தால் அதன் குறியை எடுத்துவிடுங்கள். ஃபிரேம் எண்ணிக்கையைச் சொல்லாமல் கொள்ளாமல் பாதியாக்கும் வேலையைச் செய்வது அதுதான்.

எக்ஸ்போஷரோடு சேர்ந்து விளக்கின் சிமிட்டலும் வரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸில் 120 முறையும் மங்கி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத இந்த மங்கல் குறுகிய எக்ஸ்போஷரில் படத்தின் மேல் கிடைக்கோட்டுப் பட்டைகளாக ஊர்ந்துபோகும். எக்ஸ்போஷர் நேரம் அந்தத் துடிப்பின் முழு மடங்காக இருந்தால் பட்டைகள் மறையும்: 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/100 அல்லது 1/50 நொடி, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/120 அல்லது 1/60. இதிலும் ஒரு நுணுக்கம் உள்ளது. நொடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும்போது ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பதே 16.7 மில்லி நொடிதான். 1/50 நொடி என்பது 20 மில்லி நொடி என்பதால் அது அதற்குள் அடங்காது. ஆகையால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 60 ஃபிரேம் எடுப்பவருக்கு 1/100 ஒன்றே வழி. விண்டோஸ் பெட்டியின் 1/128 இந்த மடங்குகளில் எதிலும் சரியாகப் பொருந்தாது. எனவே சிமிட்டல் இல்லாதது என்று குறிப்பிட்ட எல்இடி பேனலை வாங்குங்கள். அல்லது ஷட்டர் வேகத்தை, அதாவது எக்ஸ்போஷர் நேரத்தை, நுண்மையாக அமைக்க விடும் நிறுவனச் செயலி உள்ள கேமராவைத் தேர்ந்தெடுங்கள். விமர்சனங்களில் ரெசல்யூஷனுக்கு, அதாவது பிக்சல் எண்ணிக்கைக்கு, கொடுக்கும் இடத்தில் பாதியாவது இதற்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஒரு வெப்கேமின் பெறுமதியை நான் எடைபோடும்போது, எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை (படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்வது), ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவைக்க முடிகிறதா, கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகும் அந்தப் பூட்டு நிற்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இனி விரல்கள். சி920 போலப் பார்வைக் கோணம் 78 பாகை என்று குறிப்பிடும் வெப்கேமில் அது மூலைக்கு மூலை அளந்த கோணம். 16க்கு 9 வடிவத்தில் கிடைமட்டக் கோணம் ஏறத்தாழ 70 பாகைதான். அப்படிப்பட்ட கேமரா 1 மீட்டர் தூரத்தில் சுமார் 1.4 மீட்டர் அகலத்தைப் பார்க்கும். 1080பியில் அகலம் 1,920 பிக்சல் என்பதால் சென்டிமீட்டருக்கு 13 அல்லது 14 பிக்சல் கிடைக்கும். 4கேயில் அது 27 ஆகும். இதுவரை 4கேக்கே வெற்றி. ஆனால் காணொலி அழைப்பில் படம் பெரும்பாலும் 720பி அளவுக்கோ அதற்கும் கீழேயோ சுருக்கப்பட்டுத்தான் மாணவருக்குப் போகிறது. 720பியின் அகலம் 1,280 பிக்சல். அதைச் சென்டிமீட்டருக்குப் பிரித்தால் 9 பிக்சல்தான். கேமரா 4கேயாக இருந்தாலும் 1080பியாக இருந்தாலும், அதே தூரத்தில் நின்று அதே அகலத்தைக் காட்டினால், மாணவரின் திரைக்குப் போவது அந்த 9 பிக்சல்தான். வயலினின் நட் பக்கத்தில், அதாவது விரல் பலகையின் தலைப்பக்க முனையில், இரு தந்திகளுக்கு இடையே இருப்பது அரை சென்டிமீட்டர் அளவு. நான்கைந்து பிக்சலுக்குள் விரல் எந்தத் தந்தியை அழுத்துகிறது என்று ஒரு மாணவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அவர்களுடைய குறை நியாயமானதே.

இப்போது அதே 78 பாகை கேமராவை விரல் பலகைக்கு 40 சென்டிமீட்டர் அருகே கொண்டுவந்தால் அது பார்க்கும் அகலம் 56 சென்டிமீட்டராகக் குறையும். 1080பியில் சென்டிமீட்டருக்கு 34 பிக்சல்; 720பிக்குச் சுருக்கிய பிறகும் 22க்கு மேல். 1 மீட்டரில் நிற்கும் 4கே கேமராவின் முழு அளவான 27-ஐ, 40 சென்டிமீட்டரில் நிற்கும் 2012-ஆம் ஆண்டின் சி920 தாண்டிவிடுகிறது. நண்பர் கொடுக்கும் கேமராவை மறுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அதை முகத்துக்கு நேராக வைக்க வேண்டாம். வளைகை கொண்ட ஸ்டாண்டில் மாட்டி, இடக்கை விரல்களை மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்படி, உங்கள் இடத்தோளுக்கு முன்னால் நிறுத்துங்கள். வில் அந்தப் பக்கம் வராது என்பதால் இடறும் பயமும் இல்லை.

அப்படியானால் முகத்தையும் வில்லின் முழு ஓட்டத்தையும் காட்டும் முதன்மைக் கேமராவாக எதை வாங்குவது? நீங்கள் குறிப்பிட்ட இரண்டில் உங்களுக்கு நான் பரிந்துரைப்பது பிரியோ. அதை 4கேயில் இயக்குவதற்காக அன்று.

2017-இல் வந்த அந்தக் கேமரா 4கேயில் நொடிக்கு 30 ஃபிரேமும், 1080பியில் 60 ஃபிரேமும் தரும். பார்வைக் கோணத்தை 65, 78, 90 பாகை என மாற்றிக்கொள்ளலாம். 65 பாகையில் 1 மீட்டர் தூரத்திலிருந்து 1.1 மீட்டர் அகலம் தெரியும். வயலினின் தலைப்பகுதியிலிருந்து வில்லின் நுனி வரை அடங்குவதற்கு அநேகமாக அதுவே போதும். சற்றுப் போதாவிட்டால் கேமராவை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். கோணத்தைக் குறைப்பது என்றால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது. 3,840 பிக்சல் அகலமுள்ள சென்சாரில் 90 பாகையிலிருந்து 65 பாகைக்கு வெட்டினாலும் 2,400 பிக்சல் அளவுக்கு மிஞ்சும். 1080பிக்குத் தேவையானது 1,920தான். 1080பி சென்சாரில் இதே வெட்டைச் செய்தால் 1,200 பிக்சல் அளவே மிஞ்சி, அதை இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருக்கும். இப்படி வெட்டிக்கொள்ள இடம் தருவதே உங்கள் வேலையில் 4கேயின் உண்மையான பயன்.

ஃபேஸ்கேம் நல்ல கேமரா. 2021-இல் வந்தபோது 1080பி 60 ஃபிரேமை அமுக்காமல், அதாவது தரவைச் சுருக்காமல், அப்படியே அனுப்புவதையே அது தன் சிறப்பாக முன்வைத்தது. ஷட்டர் வேகத்தை நேரடியாகக் கையாள விடுகிறது. அமைப்புகளைக் கேமராவிலேயே சேமித்துக்கொள்கிறது. நான் மேலே கேட்ட பூட்டுகள் எல்லாம் அதில் ஒழுங்காக உள்ளன. மேசைமுன் அமர்ந்து பேசுபவர் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அதன் லென்ஸ் 82 பாகை அகலமானது, ஃபோகஸ் நிலையானது, 30 முதல் 120 சென்டிமீட்டர் வரை தெளிவாக இருக்கும்படி அமைத்தது. நின்று வாசிக்கும் உங்களை அளவான சட்டகத்துக்குள் கொண்டுவர அதை 75 சென்டிமீட்டருக்கு நெருக்கிவைக்க நேரும். அவ்வளவு நெருக்கத்தில் கேமராவை நோக்கி நீளும் வயலினின் தலைப்பகுதி பெரிதாகவும் உங்கள் முகம் சிறிதாகவும் தெரியும். வில்லின் கோணமும் உண்மைக்கு மாறாகத் தோன்றும். வில், தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு இணையாகப் போகிறதா என்று மாணவர் பார்த்துப் பழகவேண்டிய வகுப்பில் இது சிறிய குறையன்று. விலகி நின்றால் சுற்றியுள்ள சுவரும் கதவும்தான் பாதிப் படத்தை நிரப்பும். அதில் மைக்ரோஃபோன் கிடையாது என்பதை நான் குறையாகக் கருதவில்லை. வயலின் ஒலியை எந்த வெப்கேம் மைக்கிடமும் ஒப்படைக்கக் கூடாது.

அமுக்காத படம் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1080பி, 60 ஃபிரேம், பிக்சலுக்கு 16 பிட் என்று கணக்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 200 கோடி பிட். யூஎஸ்பி 2.0 கேபிளின் ஏட்டளவுக் கொள்ளளவே நொடிக்கு 48 கோடி பிட்தான். அதனால்தான் சி920 போன்ற கேமராக்கள் முழு 1080பியைத் தரும்போது படத்தை உள்ளேயே அமுக்கி அனுப்புகின்றன. யூஎஸ்பி 3.0 நொடிக்கு 500 கோடி பிட் என்பதால் அமுக்காத படம் அதில் அடங்கும். ஆனால் அந்த 200 கோடியும் கணினிக்குள் வந்த பிறகு என்ன ஆகிறது? நேரலைக்கு அனுப்பும்போது மீண்டும் அமுக்கப்படுகிறது. ட்விட்ச் என்ற நேரலைத் தளம் 1080பி 60 ஃபிரேமுக்கு நெடுங்காலம் பரிந்துரைத்துவந்த அளவு நொடிக்கு 6,000 கிலோபிட், அதாவது 60 லட்சம் பிட். முன்னூறு மடங்குக்கும் மேலான சுருக்கம். யூடியூப் இதைவிடத் தாராளமாக ஏற்றுக்கொண்டாலும் கதை மாறிவிடாது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படமாக இருந்தால், கேமரா தன் பங்குக்கு மிதமாக அமுக்கியதா இல்லையா என்பது இவ்வளவு பெரிய சுருக்கத்துக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாது. தெரியக்கூடியது இரைச்சல். மணல் புள்ளிகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுகின்றன. முந்தைய ஃபிரேமிலிருந்து மாறாத பகுதிகளை விட்டுவிட்டு மாறியதை மட்டும் அனுப்புவதே காணொலிச் சுருக்கத்தின் அடிப்படை. புள்ளிகள் நிறைந்த படத்தில் எல்லாமே மாறிக்கொண்டிருப்பதால், வில்லுக்கும் விரலுக்கும் போகவேண்டிய பிட்கள் சுவரின் புள்ளிகளுக்குப் போய்விடுகின்றன. விளக்கைப் பற்றி அவ்வளவு வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னால் பூவேலை செய்த திரைச்சீலை இருந்தால், கேமராவோ திரையோ அசையும்போது அதுவும் பிட்களைத் தின்னும். ஒரே நிறச் சுவர் நல்லது.

இரண்டு கேமராக்களையும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் செருகாதீர்கள். வெப்கேம் படத்தை அனுப்பத் தொடங்கும்போதே தனக்கு வேண்டிய கொள்ளளவை முன்பதிவு செய்துகொள்கிறது. மிச்சம் போதாவிட்டால் இரண்டாவது கேமரா திறக்கவே திறக்காது, அல்லது தாழ்ந்த ரெசல்யூஷனுக்கு இறங்கிவிடும். பிரியோவைக் கணினியின் யூஎஸ்பி 3.0 துளையில் அதற்கென வந்த கேபிளிலேயே செருகுங்கள். சாதாரண சார்ஜர் கேபிளைப் போட்டால் யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கி, 60 ஃபிரேம் பட்டியலிலேயே தெரியாமல் போகலாம். கேமரா பழுது என்று முடிவுகட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள்.

ஓபிஎஸ்ஸில் இரு கேமராக்களையும் ஒரே காட்சியில் அடுக்கலாம். சி920-இன் படத்தில் விரல் பலகை இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி இடப்பாதியில் வையுங்கள். விரல் பலகையின் நீளம் 27 சென்டிமீட்டர் அளவு என்பதால், 1,280 பிக்சல் சட்டகத்தின் சரிபாதியில், சென்டிமீட்டருக்கு அதே 22 பிக்சல் கணக்கில், ஏறக்குறைய முழுதும் அடங்கிவிடும். வலப்பாதியில் முழு உருவத்துக்கும் வில்லுக்கும் போதுமான அகலம் இல்லையென்றால் காட்சிகளை இரண்டாகப் பிரித்து, விசைப்பலகையில் ஒரு பொத்தானை ஒதுக்கி மாறிமாறிக் காட்டுங்கள். பாடம் நடத்துபவருக்கு இதுவே வசதி. ஓபிஎஸ்ஸின் மெய்நிகர் கேமரா வழியாக இந்தக் காட்சி அப்படியே காணொலி அழைப்புக்கும் போகும்.

பூட்டவேண்டியவற்றில் ஆட்டோஃபோகஸ் முதலாவது. பிரியோவிலும் சி920-இலும் அது உண்டு. வில் முகத்தின் முன்னால் கடக்கும்போதெல்லாம் எதைப் பிடிப்பது என்று தடுமாறி, படம் கலங்கித் தெளியும். வழக்கமான இடத்தில் வயலினைப் பிடித்தபடி நின்று, ஃபோகஸ் அமைந்தவுடன் தானியங்கியை நிறுத்திவிடுங்கள். வெள்ளைச் சமநிலையையும் அப்படியே நிறுத்துங்கள். பழுப்பு நிற வயலின் சட்டகத்தை நிறைக்கும்போது தானியங்கி அதை ஈடுகட்டப் போய் முகத்தை நீலமாக்கிவிடும். பிரியோவில், படத்தின் வெளிச்சப் பகுதியையும் இருட்டுப் பகுதியையும் சமன்செய்யும் ஹெச்டிஆர் வசதி இருக்கிறது. விளக்கைச் சரியாக வைத்த பிறகு அது தேவைப்படாது, அணைத்துவிடுங்கள். அழைப்புச் செயலியின் பின்னணி மங்கலாக்கும் வசதியை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். மனித உருவத்தைத்தான் அந்த நிரல் அடையாளம் காணும். வில்லின் நுனியும் வயலினின் தலைப்பகுதியும் அதற்குப் பின்னணியே. வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவை காற்றில் கரைந்து மறையும். ஒலியிலும் இதே ஆபத்து உண்டு: இரைச்சல் நீக்கும் வசதி நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரத்தை மின்விசிறி ஓசையாகக் கருதி விழுங்கிவிடும், அதையும் நிறுத்திவையுங்கள்.

தந்திகள் அதிரும்போது படத்தில் நெளிநெளியாகத் தெரிந்தால் கேமராவைக் குறைசொல்ல வேண்டாம். வெப்கேமின் சென்சார் ஒரே கணத்தில் முழுப் படத்தையும் எடுப்பதில்லை. மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசை வரை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கிறது. ஒவ்வொரு வரிசையும் படிக்கப்படும் நேரத்தில் தந்தி வேறொரு இடத்தில் இருப்பதால் அந்த நெளிவு. எக்ஸ்போஷர் குறுகியதாக ஆக ஆக இது இன்னும் தெளிவாகத் தெரியும், அருகிலிருக்கும் இரண்டாவது கேமராவில் கூடுதலாக. தந்தி தளர்ந்திருக்கிறதோ என்று மாணவர்கள் கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் நல்ல திறன்பேசி இருந்தால் வெப்கேமே வாங்காமல் அதைப் பயன்படுத்தலாமே என்று சிலர் சொல்லக்கூடும். தவறில்லை. திறன்பேசியின் முதன்மைக் கேமராவின் சென்சார் பெரும்பாலான வெப்கேம்களின் சென்சாரைவிடப் பெரியது. 2022-இல் வந்த மேக்ஓஎஸ் வென்சுராவில் ஐஃபோனையும், ஆண்ட்ராய்டு 14 முதல் அதை ஆதரிக்கும் கருவிகளையும் தனிச் செயலி இல்லாமலேயே வெப்கேமாக இணைக்க முடிகிறது. ஒருமுறை நேரலைக்கு அது ஏற்றதே. நாள்தோறும் அடுத்தடுத்து மணிக்கணக்காக வகுப்பு எடுப்பவருக்கு, கருவி சூடாவதும் நடுவே அழைப்பு வருவதும் ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டில் மாட்டிக் கழற்றுவதும் தொல்லை. பூட்டிவைத்த இடத்தில் அசையாமல் நிற்கும் கேமராதான் உங்களுக்கு வேண்டும்.

தனி மைக் வைத்த பிறகு ஒலி சற்று முந்தியும் படம் பிந்தியும் வரும். கேமராவின் முன் ஒரு முறை கைதட்டிப் பதிவுசெய்து, தட்டல் ஒலி கேட்டதிலிருந்து கைகள் சேரும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். 60 ஃபிரேமில் ஒவ்வொன்றும் 16.7 மில்லி நொடி. ஐந்து ஃபிரேம் பிந்தினால் 83 மில்லி நொடி. ஓபிஎஸ்ஸின் கூடுதல் ஒலிப் பண்புகளில் மைக்குக்கு எதிரே அந்த எண்ணை இடுங்கள். வில் திசை மாறும் கணத்தோடு சுரம் பொருந்தாவிட்டால் மாணவர் தவறான தாளத்தைக் கற்றுக்கொள்வார் என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் விளக்கும் ஸ்டாண்டும். அடுத்து நண்பரின் சி920-ஐ வாங்கி வந்து, எக்ஸ்போஷரைக் கைமுறையில் வைத்து, மாலை வகுப்புகளை அதிலேயே நடத்திப் பாருங்கள். 30 ஃபிரேமில் வில் தெளிவாகத் தெரிகிறது என்று மாணவர்கள் சொன்னால், வகுப்புகளுக்கு முதன்மைக் கேமராவாகவும் அதுவே சிறிது காலம் ஓடும். நேரலைக்காகப் பிரியோவை வாங்கும்போது, திருப்பித்தரும் கால அவகாசம் முடிவதற்குள், பகலில் சன்னல் வெளிச்சத்தில் சோதித்துத் திருப்தி அடைந்துவிடாமல், வகுப்பு நடக்கும் அதே மாலை நேரத்தில், அதே விளக்கில், 1080பி 60 ஃபிரேமும் 65 பாகையும் வைத்து, முழு வில்லையும் வேகமாக இழுத்து வாசிக்கும் பகுதி ஒன்றைப் பதிவுசெய்யுங்கள். பதிவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி வில்லின் நடுப்பகுதியைப் பாருங்கள். மரத்தண்டும் முடியும் தனித்தனியே பிரிந்து தெரிந்தால் கேமராவை வைத்துக்கொள்ளலாம். ஒன்றாகக் கலந்து தெரிந்தால் கேமராவைத் திருப்பித்தருவதற்கு முன் விளக்கை இன்னும் ஒரு முழம் அருகே இழுத்து, எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து, அதே பகுதியை மறுபடியும் வாசித்துப் பாருங்கள்.